திரைச்சீலைக்குப் பின்னால் கள்ளு மணம்

"செத்த ஆளின்ர வாய் மணம் வீட்டுக்க வருமோ, ஐயா?"

சந்தையில் வைத்து உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் சிரித்தேன். கேட்டவர் சிரிக்கவில்லை.

கேட்டவர் திரேசம்மா. கரையோரக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து தண்ணீரூற்றுச் சந்தையில் கருவாடு விற்பவர். பத்து வருடமாக எங்கள் குசினியில் அவருடைய கருவாடுதான்.

பழி எல்லாம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியின் மேல்தான். சில வாரங்களுக்கு முன் வாய் நாற்றம் பற்றி எழுதியிருந்தேன்... ஞாபகம் இருக்கிறதா? முல்லைத்தீவு பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரோடு நான் கதைக்கத் தொடங்கியதும், மனுசன் எழும்பிப் போய் மாங்குளம் வரைக்கும் நின்றுகொண்டே வந்த கதை. அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்: "எனக்கு வாய் மணக்குதோ?"

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஓம். ஒரு நாலு வருசமா."

நாலு வருடம்! ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு பல் டொக்டரிடம் போனேன். பல் முரசில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். பல்லை மட்டும் தீட்டினால் காணாது, நாக்கையும் வழிக்க வேண்டும் என்றார். வாய் காயவிடாமல் தண்ணீர் குடிக்கச் சொன்னார். கராம்பு மென்றால் நாற்றம் கொஞ்ச நேரம் ஒளிந்திருக்கும், போகாது என்றார். எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாவற்றையும் என்றா சொன்னேன்? இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பத்திரிகை இரண்டு நாளில் திரேசம்மாவின் கைக்குப் போய்விட்டது — நெத்தலிக் கருவாடு சுற்ற. வாய் நாற்றக் கட்டுரைக்கு இதைவிட நல்ல கதி கிடைக்குமா? ஆனால் சுற்றுவதற்கு முன் மனுசி அதை வாசித்திருக்கிறார்.

"எல்லா மணத்துக்கும் மருந்து எழுதியிருக்கிறியள். இதுக்கு மட்டும் எழுதேல்லை," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார்.

கணவர் அந்தோனி மூன்று வருடத்துக்கு முன் கடலுக்குப் போனவர். படகு கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. நவம்பரில் மரித்த ஆத்துமாக்களின் நாளில் ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். திரேசம்மாவுக்குக் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. கடற்கரையில் மணலைக் குவித்து அதில் மெழுகுதிரியைக் குத்துவார். காற்று அணைக்க அணைக்கத் திரும்பத் திரும்பக் கொளுத்துவார். இந்த முறை செபம் சொல்லி முடித்த பிறகு இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கிறார்: "ஒருக்கா வீட்டுக்கு வந்திட்டுப் போங்கோவன்."

"வந்திட்டார் ஐயா," என்றார்.

அந்தோனி பின்னேரத்தில் கள்ளுக் குடிக்கிறவர். அந்த மணம் — இனித்துப் புளித்த கள்ளு மணம் — இரண்டு கிழமையாக வீட்டுக்குள் நடமாடுகிறதாம். அந்த வீட்டில் இப்போது குடிக்கிறவர் ஒருவரும் இல்லை. திரேசம்மாவும் பத்தொன்பது வயது மகள் ஜெனிற்றாவும்தான்.

"மணம் மட்டுமில்லை. மூச்சும் கேக்குது. வலை இழுத்துப்போட்டு வந்து படுத்தா அவருக்கு இளைக்கும்... அதே மூச்சு."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"ஏன் பயம்? என்ர மனுசன்தானே." சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்து வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சிரிப்புத்தான் முதலில் பயத்தைத் தந்தது.

"நாளைக்கு உச்சி நேரத்தில வந்து பாருங்கோ. வடிவாத் தெரியும்."

போனேன். பேயைப் பார்க்க அல்ல — பத்திக்கு ஒரு விசயம் கிடைக்குமே என்று! ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு வேறு என்ன வேலை?

வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றத்துப் பந்தலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு மனிதரும் இல்லை. திரேசம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். சுவரில் அந்தோனியின் படம், அதன் கீழே எரிந்து முடிந்த மெழுகுதிரி. நான் மூக்கை நன்றாக உறிஞ்சிப் பார்த்தேன். கருவாடு. உப்புக் காற்று. வேறு ஒன்றும் இல்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஒண்டும் மணக்கேல்லையே, திரேசம்மா," என்றேன்.

அவர் வாயில் விரலை வைத்தார்.

அறைவாசலில் ஒரு திரைச்சீலை தொங்கியது. முதலில் மணம் வந்தது. பிறகுதான் திரைச்சீலை விலகியது.

கள்ளு மணமேதான். அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பும் சேர்ந்த மணம். வந்து நின்றவள் ஜெனிற்றா. போன நத்தார்ப் பண்டிகைக்குச் சந்தையில் கண்ட பிள்ளையா இது? சட்டை தோளில் நிற்காமல் வழுவியது. எங்களைப் பார்க்காமல் தண்ணீர்க் குடத்தடிக்குப் போனாள். ஒரு செம்பு. இன்னொரு செம்பு. இன்னொன்று. அவள் குடித்துவிட்டுத் திரும்பி உள்ளே போக, மணமும் அவளோடு உள்ளே போய்விட்டது.

"பாத்தியளோ? பிள்ளையை விட்டு விலகமாட்டார்," என்றார் திரேசம்மா. "அவளுக்குச் சோறும் இறங்குதில்லை. காலமை குடிச்ச தேத்தண்ணியையும் சத்தி எடுத்தவள். தண்ணி விடாய் மட்டும் அடங்குதில்லை. சிவப்புச் சோடா வாங்கி வாங்கிக் குடுக்கிறன்."

அப்போது திரைக்குப் பின்னால் மூச்சுக் கேட்டது. ஆழமாக, வேகமாக, நிற்காமல்... களைத்து வந்த ஆண்பிள்ளையின் மூச்சைப் போல. நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் கண் ஒருமுறை அந்தோனியின் படத்துக்குப் போய் வந்தது.

அந்த நொடியில்தான் பல் டொக்டர் ஞாபகத்துக்கு வந்தார். நான் வெளிக்கிடும்போது கதவடி வரைக்கும் வந்து சொன்னவர்: "ஒரு மணத்தை மட்டும் என்னட்டக் கொண்டு வராதேங்கோ. பழம் அழுகின மாதிரி, கள்ளு மாதிரி வாய் மணந்து, ஆள் மெலிஞ்சு, விடாயும் எடுத்தா — அது பல்லு இல்லை, சீனி வருத்தம், நீரிழிவு. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடோணும்."

அந்த வரியை நான் எழுதத்தான் எழுதினேன். பிறகு வெட்டினேன். ஏன்? இடம் காணவில்லை. பஸ் பகிடிக்கு இடம் வேண்டுமே!

அதை வெட்டாமல் விட்டிருந்தால் திரேசம்மா வாசித்திருப்பார். நேற்றுச் சந்தையிலாவது நான் சிரிக்காமல் கேட்டிருக்கலாம். என்மீது எனக்கே வெறுப்பு வந்தது.

"திரேசம்மா, வெளிக்கிடுங்கோ. ஓட்டோவுக்குச் சொல்லுறன். அது பிள்ளையின்ர வாயில இருந்து வாற மணம். சீனி வருத்தம். அந்த மூச்சும் பிள்ளையின்ரதான்."

"இந்த வயசிலயோ? எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சீனி இல்லையே."

"எந்த வயசிலயும் வரும். கதைக்க நேரமில்லை."

அவர் எழும்பவில்லை. படத்தைப் பார்த்தார். பிறகு, ஒரு சின்னப் பிள்ளை கேட்கிறது போலக் கேட்டார்: "மருந்து குடுத்தா... மணம் போயிடுமோ, ஐயா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "போகும்," என்றேன்.

அவர் அப்படியே இருந்தார். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த மனுசனை யார்தான் லேசில் அனுப்புவார்கள்? உள்ளே பிள்ளையின் மூச்சு, வெளியே கடல் இரைச்சல், நடுவில் அசையாத ஒரு தாய். பட்டப்பகல்தான். ஆனால் என் வாழ்நாளில் நான் ஆகப் பயந்த நிமிடம் அதுதான்.

"அம்மா..."

திரைக்குப் பின்னாலிருந்து ஜெனிற்றா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"அது அப்பா இல்லை... என்ர வாய்தான்... எனக்குத் தெரியும்."

திரேசம்மா திரும்பினார்.

"தையல் கடையில பிள்ளையள் சொன்னவை... குடிச்சிட்டு வாறன் எண்டு. அதான்... வேலைக்குப் போகாம நிண்டனான். முதல்ல கராம்பு சப்பினனான். பிறகு... விட்டிட்டன்."

"அப்ப ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

ஜெனிற்றா ஒரு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா வந்திட்டார் எண்டு... நீங்கள் சிரிச்சனீங்கள், அம்மா."

திரேசம்மா எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது.

ஓட்டோவில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ர ராசாத்தி, கண்ணை மூடாத," என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். வழி முழுக்கக் கள்ளு மணம். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

"பின்னேரம் வரைக்கும் வச்சிருந்தா..." என்று ஆஸ்பத்திரி டொக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை. உடனே சேலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள். ஆறாம் நாள் பிள்ளை தானே எழும்பி நடந்தாள். இப்போது தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்கிறாளாம்.

யோசித்துப் பார்க்கிறேன். தன் வாய் மணம் தனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் யார் சொல்கிறோம்? பஸ்காரர் எழும்பிப் போனார். தையல் கடைப் பிள்ளைகள் குடிகாரி என்று குசுகுசுத்தார்கள். என் மனைவி நாலு வருடம் பொறுத்தாள். தனக்குத் தெரிந்தும் ஜெனிற்றா தாய்க்காக வாயை மூடிக்கொண்டாள். இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர் பண்பு! ஒரு பிள்ளை செத்திருப்பாள்.

போன கிழமை சந்தையில் திரேசம்மாவைக் கண்டேன். பழைய ஆள் ஆகிவிட்டார். சிரிப்பு இல்லை. கருவாடு நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"ஒவ்வொருநாளும் காலமையில பிள்ளையின்ர வாயை மணந்து பாக்கிறனான், ஐயா."

"இப்ப ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டும் இல்லை." கை கொஞ்சம் நின்றது. "வந்திடுமோ எண்டு நெஞ்சு பதறும். இல்லை எண்டவுடன மாதாவுக்கு நன்றி சொல்லுவன். பேந்து குசினிக்க போய்... கொஞ்சம் அழுவன்."

அவர் பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து நெத்தலியைச் சுற்றினார். நல்ல காலம், என் படம் போட்ட பத்தி அதில் இல்லை.

நாக்கை வழியுங்கள். தண்ணீர் குடியுங்கள். பல் டொக்டருக்கு வெட்கப்படாதீர்கள். ஆனால் கள்ளுக் குடிக்காத வாயில் கள்ளு மணந்தால், அதுவும் ஆள் மெலிந்து விடாயும் எடுத்தால், செபத்துக்கும் சோடாவுக்கும் முன் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்தப் பத்தியும் இரண்டு நாளில் கருவாடு சுற்றத்தான் போகும். சுற்றுகிறவர்கள் தயவுசெய்து அந்த ஆஸ்பத்திரி வரி வெளியே தெரியும்படி மடித்துச் சுற்றுங்கள்.