மாமாவுக்குச் சுடவில்லை

அந்த ஆடி மாதம் முழுக்க வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. மாமா குளிக்கப் போகுமுன் வாளிக்குள் கைவிட்டு, தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டும். "ரொம்ப சூடா கீதான்னு பாரு பாப்பா" என்பார். நான் சொன்ன பிறகுதான் மேலே ஊற்றிக்கொள்வார். ராணுவத்தில் எதையும் ஆள் விட்டு வேவு பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த வேலையை மகா பொறுப்போடு செய்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வடக்கே எல்லையில், பனி உருகவே உருகாத ஒரு மலை உச்சியில் காவல் இருந்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த பனியெல்லாம் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருந்ததுதான். அதனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேடிக்கைக் கதைகள். அங்கே மாதக்கணக்கில் குளிக்க மாட்டார்களாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. பேஸ்ட் கல்லாகிவிடாமல் இருக்க அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுப்பார்களாம். தூக்கத்தில் மூச்சு நின்றுவிடப் போகிறதே என்று பக்கத்தில் படுத்தவன் உலுக்கி உலுக்கி எழுப்புவானாம். கூடாரத்துக்குள் எரியும் மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் எச்சில்கூடக் கறுப்பாக வருமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் கூடச் சிரித்தார். அவருடைய கால்விரல் நுனிகள் கறுத்திருந்தன. கேட்டதற்கு ஷூ கடித்தது என்றார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

தம்பி நல்லபடியாக இறங்கி வந்தால் எங்கள் அம்மன் கோயிலில் தீ மிதிப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் உடம்பை வைத்து வேண்டிக்கொள்வதில் அம்மாவுக்குத் தயக்கமே கிடையாது. முந்தைய வருடம் என் தலைமுடி அப்படித்தான் போயிருந்தது. மாமா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிக்கா, மிதிக்கிறேன்" என்றார்.

தீமிதியன்று தெருவே கோயிலில்தான் இருந்தது. புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள்கூட மொட்டைமாடியில் செல்போனோடு நின்றார்கள். மஞ்சள் வேட்டியும் காப்புமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் பக்தி இருந்தது. ஆனாலும் ஓட்டமாகத்தான் ஓடினார்கள். மாமா ஓடவில்லை. பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போகிறவரைப் போல நடந்தார். பாதியில் நின்றேவிட்டார். கூட்டம் "ஓம் சக்தி" என்று அலறியது. "நிக்காத நைனா, நட, நட" என்று பூசாரி கத்தினார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்துவிட்டுத்தான் மாமா நடந்தார்.

கரையேறியவர்கள் காலை நனைக்க, அந்தப் பக்கம் சின்னப் பள்ளத்தில் பால் ஊற்றியிருந்தார்கள். அதில் நின்றுகொண்டு மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"பாலு எப்டி கீது பாப்பா?"

நான் கையை விட்டுப் பார்த்தேன். "ஜில்லுனு கீது மாமா" என்றேன்.

அவ்வளவுதான், அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "கொஞ்சங்கூட சுடலையாம், ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் மாமாவை நெருப்பு ஒன்றும் செய்யாது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாமாவின் பாதங்களில் பெரிய பெரிய கொப்புளங்கள். இரண்டு உடைந்து பாயெல்லாம் ஈரம். அவரோ சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அவர் உள்ளங்காலில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் நரம்பு செத்திருக்கிறது, காலில் சுத்தமாக உணர்ச்சி இல்லை, கைவிரல்களிலும் பாதிதான், இதோடு போய் யாராவது தீ மிதிப்பார்களா என்று டாக்டர் கோபித்துக்கொண்டார்.

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல? தெரிஞ்சுகினே ஏன்டா எறங்குன?"

மாமா காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "தெரியும்க்கா. நெருப்பாச்சே, சுட்டாலும் சுடும்னு நெனச்சேன். அதான் கொஞ்சம் நின்னு பாத்தேன்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. நேற்று சுடவில்லை என்று கொண்டாடிய அதே அம்மா, இன்று சுடவில்லை என்பதற்காக அழுதால் நான் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னவென்று சொல்வது? சுட வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் ஒருவர் தீயில் இறங்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.