பாகு வாடை அடித்த சட்டை

என் மாப்பிள்ளை குடித்துவிட்டு லாரியைக் கொண்டுபோய் மோதினாராம், அந்த வெட்கத்தில் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடிப்போனாராம். எதிர்வீட்டுத் தையல்காரி மிஷினை மிதித்துக்கொண்டே சொல்கிறாள்: "உங்க மாப்பிள்ளை பக்கத்துல வந்தாலே புளிச்ச வாடை வீசும்க்கா. நாங்கல்லாம் மூக்கைக் கழட்டி வச்சுட்டா இருந்தோம்?"

"கழட்ட வேண்டாம்டி, அந்த மூக்குக்கு நன்றி இருந்தா போதும். போன கோடை முழுக்க அதுக்குள்ள தூசி போகலையே, அது யாராலயாம்?" என்றேன்.

ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

என் மகளைக் கட்டியவர் கிரஷரில் தண்ணீர் லாரி ஓட்டினார். பாறையை ஜல்லியாக நொறுக்குகிற இடம் அது. எங்கள் தெருவுக்கு நேர் பின்னால். ஜல்லி லாரிகள் போகிற மண்பாதையை நனைத்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. வெயிலுக்கு அந்தத் தண்ணீர் எந்த மூலைக்கு? லாரி நாலு போனால் மண் காய்ந்துவிடும், தூசி எழும்பி எங்கள் வீடுகளில் வந்து உட்காரும். கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகத்தான் உள்ளே வரும். என் மகளுக்கோ மூச்சிரைப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை உறுமும். பக்கத்தில் படுத்து அதைக் கேட்டவர் அவர்தானே, சும்மா இருக்க முடியவில்லை.

சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சுகிற கறுத்த பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் மண் இறுகிக்கொள்ளும் என்று ஒரு லாரிக்காரர் சொல்லியிருக்கிறார். எண்ணெய் இல்லை, மருந்து இல்லை, மாடு நக்கினாலும் பயமில்லை. இவர் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து தெளித்தார். ஜல்லி கொட்டுகிற பெல்ட்டின் வாயில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். வேலியோரம் செடிகளை நெருக்கி நட்டார். "இன்னைக்கு ரோட்டுக்குப் பாகு, நாளைக்கு மலைக்குச் சர்க்கரையா?" என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தூசி அடங்கியது. என் மகள் படுத்தால் விடிய விடியத் தூங்கினாள்.

ஒரே ஒரு குறை, பாகு வெயிலில் புளித்துவிடும். அந்த வாடை அவர் சட்டையில் ஏறிக்கொண்டது. எத்தனை துவைத்தாலும் போகாது. வீடு வரைக்கும் ஈ கூடவே வரும். "மாப்பிள்ளை ஊர்வலம் வந்தாச்சு" என்று மகளே கிண்டல் செய்வாள். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். என் வீட்டுக்காரர் கண்மூடும் வரைக்கும் குடி வாடையோடு குடித்தனம் செய்தவள் நான். பாகு எது, சாராயம் எது என்று எனக்கா தெரியாது?

தூசியை எப்படி அடக்குகிறார்கள் என்று பார்க்க அதிகாரிகள் வருவதாக ஒருநாள் சேதி வந்தது. சூப்பர்வைசருக்குக் கைகால் ஓடவில்லை.

"ரோடு நனைஞ்சு தெரியணும்பா. காய்ஞ்சு கிடந்தா நாம ஒண்ணுமே செய்யலன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

"பாகு மேல தண்ணி ஊத்தினா வழுக்கும் சார்."

"ஒரு தடவைதானே? ஊத்து."

ஊற்றினார். வழுக்கும் என்று தெரிந்தே ஊற்றினார். அதை நான் மூடி மறைக்க மாட்டேன். திரும்பி வரும்போது இறக்கத்தில் அவர் லாரியே வழுக்கி வாட்ச்மேன் அறையில் மோதியது. வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்குக் கால் எலும்பு முறிந்தது. ஓடிவந்தவர்களுக்கு முதலில் எட்டியது அந்தப் புளித்த வாடை. "குடிச்சுட்டு ஓட்டியிருக்கான்!" என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். ஊற்றச் சொன்ன வாயும் அதுதான். ஊதச் சொல்லிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலை போயிற்று.

வாட்ச்மேனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவார், வருவார். தெரு பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மகள்தான் போட்டுக்கொண்டாள். அப்பன் குடியைப் பார்த்து வளர்ந்தவள், அந்தப் பயம் எலும்பில் ஊறியிருந்தது. ஒரு காலையில் அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கேட்டேவிட்டாள்.

"ஊரே சொல்லுதுங்க. என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குக் குடிச்சிருந்தீங்களா?"

கொடியில் கிடந்த அந்தப் பாகுச் சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "மோந்து பாரு."

அவள் கை நீளவில்லை. வாங்கி ஒரு தடவை மோந்திருந்தால் போதும், எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். இன்றைக்கு அதே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுகிறாள். என்ன பிரயோசனம்?

"மாப்பிள்ளை, அவ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அன்றைக்கு நான்தான் கெஞ்சினேன்.

"பசிக்கல அத்தை."

சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பாகு தெளிக்க ஆளில்லாத பாதையில் தூசி பழையபடி எழும்பியிருந்தது. உள்ளே என் மகள் இருமினாள். அவர் நின்றார். திரும்பிப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். கதவை மட்டும், தூசி உள்ளே வராதபடி, இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.