ராஜி ஆன வழக்கு

திருவாரூர் கோர்ட்டு வராந்தாவில் டவாலி என் அக்காவின் பெயரைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுப் பெயராக, இழுத்துக் கூப்பிட்டார். ஊரில் அக்காவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பண்ணை வீட்டில் அவள் ‘ஏ புள்ள’. வயலில் அதுவும் கிடையாது, ஒரு கைதட்டல்தான். தன் பெயரைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். அவளும் அன்றைக்கு ஒரு பெயரைச் சொல்லத்தான் போனாள்.

அடித்தவர் பண்ணை வீட்டின் இளைய மகன். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம் அது. சட்டம் சென்னையில் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வர அதற்குப் பஸ் கிடைக்கவில்லை போலும். அக்கா மட்டும் அதை நம்பினாள். கொல்லையில் கழிகளை நட்டு, கருவை முள்ளை வெட்டிப்போட்டு வேலி கட்டினாள். சின்னவர் வந்து, அந்தக் கழியிலேயே ஒன்றைப் பிடுங்கி அடித்தார். தடுக்கப் போன வலது மணிக்கட்டு ஒடிந்தது. நான் அப்போது மாயவரத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தேன். அப்பா, அம்மா போன பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை அங்கே அனுப்பியவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில்தான் முதல் சறுக்கல். எங்கள் தெருவில் பண்ணை வீட்டார் பெயரை வாயால் சொல்கிற வழக்கமே இல்லை. பெரிய ஆண்டை, சின்ன ஆண்டை, அவ்வளவுதான். மாவுக்கட்டுப் போடுவதற்கு முன்னால் டாக்டர் யார் அடித்தது என்று கேட்டார். “சின்ன ஆண்டைங்க” என்றாள் அக்கா. “ஊருக்கு ஊரு ஆண்டை இருக்கான். பேரச் சொல்லும்மா.” அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள், தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவுக்குப் பின்னால் வரிசை நின்றது. ‘பெயர் தெரியாத ஒருவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

விவசாயச் சங்கத்துக்காரர்கள் போராடித்தான் போலீசில் வழக்கே பதிவானது. அதிலும் கழி மாயமாய்ப் போய், ‘கையால் தாக்கி’ என்று ஆகியிருந்தது. ஆயுதமாகக் கழியும் இருந்தால் வழக்கை ராஜி செய்து, சமாதானமாக முடிப்பது கஷ்டம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அடிதடி வழக்கு எப்படி முடிய வேண்டும் என்பதை எங்கள் பக்கத்தில் எஃப்.ஐ.ஆர். எழுதும்போதே முடிவு செய்துவிடுவார்கள்.

சங்கத்து வக்கீல் காகிதங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “ஏம்மா, பேரு தெரியாதா ஒனக்கு?” “தெரியுங்க. பேரச் சொல்ற வழக்கம் இல்லீங்களே ஐயா.” அவர் சிரிக்கவில்லை. கூண்டில் ஏறி, அந்த ஆளைப் பார்த்து, பெயரைச் சொல்லி, இவர்தான் அடித்தார் என்று சொன்னால் வழக்கு நிற்கும் என்றார். “வாயில வரணும். வருமா?” “வரும்” என்றாள் அக்கா.

அதற்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே! கட்டுப் போட்ட கையோடு நடவுக்குப் போக முடியாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பாளாம். முதலில் வெறும் காற்றுதான் வந்ததாம். ஒருநாள் கொஞ்சம் சத்தமாக வந்துவிட, வயலில் நின்ற பெண்களெல்லாம் நாற்றும் கையுமாகத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். “அடியே, மறுபடி ஒருதரம் சொல்லுடி” என்று ஒருத்தி கேட்டாளாம். பயிற்சி முடிந்து நான் ஊருக்கு வந்தபோது அக்கா இதை நடித்தே காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் வாத்தியார் வேலைக்குத் தேர்வாகியிருந்தது. உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி.

கோர்ட்டுக்குப் போன அன்று காலையில், எதிரே டீக்கடையில், ஆளுங்கட்சிக் கரைவேட்டி கட்டிய ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எங்கள் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். அதே நாளில் நான் சின்னவரை அரிவாளால் வெட்ட வந்தேனாம். மாயவரத்தில் இருந்தவனுக்குக் கை அவ்வளவு நீளம் என்று போலீஸ்தான் கண்டுபிடித்திருந்தது. “பொய்க் கேசுதான், இல்லேங்கல. ஆனா அது முடிய வருசக்கணக்காவும். கேசு இருக்கறவனுக்கு எவன் வேல குடுப்பான்? இன்னிக்கு நீ ராஜின்னு ஒரு வார்த்த சொல்லு, ரெண்டும் ஒண்ணாப் போயிடும்.”

“வேணாங்கா. நீ பேரச் சொல்லு. வேல போனா போவுது” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ சும்மா இருடா” என்றாள்.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர்தான். யாராவது மிரட்டினார்களா என்றுகூடக் கேட்டார். “இல்லீங்க.” சமாதானமாகப் போகச் சம்மதமா? “சம்மதங்க.” முடிந்தது. சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கூண்டைவிட்டு இறங்கவில்லை.

“என்னம்மா?”

“என்னய ஒண்ணும் கேக்கலீங்களே ஐயா.”

“என்ன கேக்கணும்?”

“அடிச்சது யாருன்னு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “அதான் ராஜி ஆயிடுச்சேம்மா. இனிமே அது வேண்டியதில்ல, போ” என்றார் மாஜிஸ்திரேட், தணிந்த குரலில். டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ராஜியானால் எதிரி விடுதலை. சட்டத்தின் கண்ணில் அன்றைக்கு அக்காவை யாரும் அடிக்கவில்லை.

சண்டை இல்லாமல் முடித்து வைத்தவர்களை ஊரே மெச்சியது. எனக்கு உத்தரவு வந்தது. அக்காவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. நாற்றுமுடியைப் பிரிக்க அந்தக் கை கடைசிவரை வளையவில்லை. மனைக்குப் பட்டா வந்தது, வெகுகாலம் கழித்து. சின்னவர் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் தலைமையாசிரியராக ஓய்வுபெற்று, தஞ்சாவூரில் வீடு கட்டி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் சொல்லாமல் விட்ட சொல்லில்தான் இத்தனையும் நிற்கிறது. யாரிடம் போய் அழ?

வேதாரண்யம் பக்கத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது அக்கா ஒருமுறை வந்து தங்கினாள். நான் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன ஒரு காலையில், தூக்குச்சட்டியோடு வந்து வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சின்னவரின் அதே பெயரில் ஒரு பையன். தினமும் கூப்பிடுகிற பெயர்தான். எனக்கு அது உறைத்ததே இல்லை. கூப்பிட்டேன். “உள்ளேன் ஐயா” என்றான். வாசலில் சட்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அக்கா அந்தப் பையனைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “அந்தப் பேர நாளைக்கும் கூப்புடுவியா?”

“தினமும் கூப்புடணும்க்கா.”

கோணிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லா சத்தமாக் கூப்புடு தம்பி” என்றாள்.