தனியே கேட்க வேண்டிய கேள்வி

தலைமன்னாரில் இளையோர் தற்கொலை பற்றிய சுகாதார ஆய்வொன்றுக்கு, ஊரின் இளைஞர் சிலரையே சம்பளத்துடன் ஆலோசகர்களாக நியமித்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான நான் ஆய்வுக் குழுவில் ஊர்ப் பிரதிநிதி. அந்த நியமனம் எனக்கு உவப்பானதாக இல்லை.

கூட்டம் என் வீட்டில் நடந்தது. ஆலோசகர்களுள் ஒருத்தியான நிலானி, "வீட்டு ஆக்களுக்கு முன்னால கேட்டால் ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டினம். தனியக் கேக்கவேணும்" என்றாள்.

"மரியாதையான குடும்பங்களில மறைக்க என்ன கிடக்கு, பிள்ளை?" என்றேன்.

"அப்ப உங்களிட்டயே கேட்டுப் பாப்பமே, சேர்?" அவள் சிரித்துக்கொண்டே ஆய்வின் முதற் கேள்வியை வாசித்தாள். "உங்கட வீட்டில ஆரும் தங்கட உயிரைத் தாங்களே எடுத்தவையோ?"

தேநீர்த் தட்டுடன் என் மனைவி அருகில் நின்றாள். "இல்லை" என்றேன். எங்கள் மகன் கடலில் தவறி விழுந்து இறந்தான் என்றே பங்குத்தந்தைக்கும் ஊருக்கும் சொல்லியிருந்தோம்.

மனைவி தட்டை மேசையில் வைத்தாள். "ஓம் எண்டு எழுது பிள்ளை" என்றாள்.

நிலானியின் சிரிப்பு மறைந்தது. அவள் எதையும் எழுதவில்லை. "வாங்கோ அம்மா, வெளியில இருந்து கதைப்பம்" என்று மனைவியின் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துச் சென்றாள்.

மகனை அடக்கம் செய்த நாளிலிருந்து அவனைப் பற்றி மனைவி என்னிடம் பேசியதில்லை. நான் பேச விட்டதுமில்லை. அன்று அவள் நெடுநேரம் பேசியதை யன்னலூடாகப் பார்த்தேன். ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

நிலானியின் யோசனையை அன்றே ஏற்றுக்கொண்டேன். மனைவி அவளிடம் என்ன சொன்னாள் என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் சொல்லமாட்டாள் என்பதை அறிவேன்.