எதிர்ப்பக்கம் பேசிய ஆர்க்கிடெக்ட்

எங்கள் கடலூர் ஆபீஸுக்குச் சில மாதங்கள் வந்துபோன சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் அவர். கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். எந்த வயலில் எந்த நாள் கரும்பு வெட்டலாம் என்று விவசாயிகளுக்கு ஆலையின் வெட்டு ஆர்டர் கொடுக்கும் சாஃப்ட்வேரை ஒரே புரோகிராமாகக் கட்டுவதா, சின்னச் சின்னதாகப் பிரித்துக் கட்டுவதா என்று தினமும் மீட்டிங். அந்த சாஃப்ட்வேர் நின்றுபோனால் ஆர்டர் கிடைக்காமல் கரும்பு வயலிலேயே காயும். பிரிக்கலாம் என்று நாங்கள் சொன்னால், கூடாது என்று வாதாடுவார். சரியென்று அவர் பக்கம் சாய்ந்தால், உடனே கட்சி மாறிவிடுவார். எங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

ஒரு மாலை சிதம்பரம் பஸ்ஸில் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"உங்களுக்குன்னு ஒரு முடிவே கெடையாதா சார்?"

"இருக்கு. முன்ன வேலை பாத்த எடத்துல சொல்லவும் செஞ்சேன்."

"அவுங்க ஒத்துக்கலியா?"

"எல்லாரும் உடனே ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர்கூட எதிர்த்துக் கேக்காம கட்டுனது, ஓட ஆரம்பிச்சதும் நின்னுபோச்சு."

கண்களை மூடிக்கொண்டார். சிதம்பரம் வரும்வரை திறக்கவில்லை, தூங்கவும் இல்லை.