ஊதிப் பார்த்த பச்சைச் சாடி

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் பட்டதைத்தான் சொல்கிறேன். என் வலது உள்ளங்கையில் இன்னமும் தோல் சரியாக மூடவில்லை. நம்பாதவர்கள் இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் வீட்டுக்கார அம்மா, சின்யோரா நின்ஃபா, தனியாக இருக்கிறார். அந்த வீட்டை வருடக்கணக்காகத் துடைத்துக் கூட்டுவது நான். அங்கே அலுமாரியில் ஒரு பச்சைப் பூச்சாடி இருந்தது. அதன் வாய் பூவிதழ் மாதிரி விரிந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால், பெட்ரோல் சிந்திய தண்ணீர் போல ஊதாவும் நீலமும் அதன்மேல் ஓடும். செக் நாட்டில் வாயால் ஊதிச் செய்த கண்ணாடி. நூறு வயதுக்கு மேல். எந்த ஆலையில் செய்தது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

என் ஒரே பிள்ளை துஷாந்திக்கு அதுதான் தொழில். பழைய கண்ணாடியைப் பார்த்து, செய்தவர் யார் என்று ஒரு ஏலக்கடைக்குச் சொல்லுவாள். போன ஆகஸ்ட் மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தச் சாடியைப் பார்க்க வந்தாள். சின்யோரா உள்ளே படுத்திருந்தார். வெயிலுக்காக ஜன்னல் பலகைகளெல்லாம் சாத்தியிருந்தன. பட்டப்பகலில் வீடு இருட்டு.

"அந்தப் பேர்போன லோட்ஸ் ஆலை எண்டு சின்யோரா சொல்லுறா," என்றேன்.

"பச்சையாய் மினுங்கினா எல்லாருக்கும் லோட்ஸ்தான் அம்மா. பூனையின்ர கண்ணைக் காட்டினாலும் லோட்ஸ் எண்டுவினம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சிரிக்கவில்லை.

அவள் சாடியைக் கவிழ்த்தாள். அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஆலைப் பேர் ஒட்டின கடுதாசி எப்பவோ போயிருக்கும். சில ஆலைக்காரர் அடியில அசிட்டால முத்திரை போடுவினம். தேய்ஞ்சா கண்ணுக்குத் தெரியாது. ஊதினாத்தான் தெரியும்."

"ஊதினாலோ?"

"ஓம். மூச்சு பனிமூட்டம் மாதிரிப் புகாராய்ப் படியும். முத்திரை இருக்கிற இடம் மட்டும் தனியாய் நிக்கும். பாருங்கோ."

"ஹா…" என்று ஊதினாள்.

வெள்ளைப் புகார் படிந்தது. முத்திரை இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

கண்ணாடியில் மூச்சுப் புகார் எவ்வளவு நேரம் நிற்கும்? அதுவும் ஆகஸ்ட் வெக்கையில்? இது மறையவில்லை. துஷாந்தி விரலால் துடைத்தாள். போகவில்லை. விரலில் ஈரமும் இல்லை.

"அம்மா… இது உள்பக்கம்."

"ஹா…"

"போதும் பிள்ளை. இனி ஊதாதை."

"நான் ஊதேல்லை."

அவள் வாய் மூடித்தான் இருந்தது.

மணி மூன்று பத்து. துறைமுகத்தில் ஒரு கப்பல் கூவி ஓய்ந்தது. அதற்குப் பிறகு நன்றாகவே கேட்டது. ஹா… ஹா… சளி கட்டிய நெஞ்சிலிருந்து வரும் மூச்சு. ஓர் ஆம்பிளையின் மூச்சு. சாடிக்குள்ளே.

புகார் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

"வை கீழ!"

"ஏலாமக் கிடக்கு அம்மா… கை விடுதில்லை…"

சாடி நிமிர்ந்தது. அவள் நிமிர்த்தியது போல எனக்குத் தெரியவில்லை. அதன் வாய் அவள் வாயில் பொருந்தியது.

கழுத்து நரம்பு புடைத்தது. கன்னம் ஒட்டிப் போனது. அவள் ஊதவில்லை… உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து பிடித்து இழுத்தேன்.

சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி.

"மாதாவே!"

விட்டது.

சாடி உருண்டது. உடையவில்லை.

துஷாந்தி இருமினாள்.

இருமினாள்…

இரவு முழுக்க இருமினாள்.

செப்டெம்பரில் அவளால் படி ஏற முடியவில்லை. ஒக்டோபரில் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. கதிரையில் உட்கார்ந்தபடி, மூக்கில் குழாயோடுதான் தூங்குகிறாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்கள் மகள் எந்தக் கண்ணாடி ஆலையில் வேலை செய்தார்?"

"ஆலையிலயோ? ஒரு நாளும் இல்லை. செய்து முடிச்ச சாமானைப் பாக்கிறதுதான் டொத்தோரே அவளின்ர வேலை."

அவர் படத்தை என் பக்கம் திருப்பினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்க் கட்டிகள்.

"இது ஆலைத் தூசி, சின்யோரா. கண்ணாடி காய்ச்சுகிற மணலின் தூள். நுரையீரல் கல்லாகிவிட்டது. இதற்கு மருந்து இல்லை."

"ஒருநாளில இப்பிடி வருமோ?"

"ஒரு நாளிலா? முப்பது வருசமாவது அந்தத் தூசியைச் சுவாசித்திருக்க வேண்டும்."

துஷாந்திக்கு வயது முப்பத்தொன்று.