இடுப்பில் இருந்த கிஸ்மோ

லாரி பட்டறையில் இருபது வருஷமாக ஸ்டோர் ரூமைக் கட்டி ஆளும் ஸ்டோர்கீப்பருக்கு ஒரு வீம்பு. பேர் சொல்லாமல் யாருக்கும் சாமான் கொடுக்க மாட்டார். ஆயில் சீல் என்றால் மட்டும் போதாது, எந்தச் சக்கரத்து சீல் என்றும் சொல்லியாக வேண்டும். ‘அந்த வளையம் மாதிரி ஒண்ணு’ என்று இழுத்தால் வெறுங்கைதான்.

ஒருமுறை புதிதாக வந்த இன்ஜினியர், “அந்த கிஸ்மோவைக் கொடுங்க” என்று கேட்டுவிட்டார். இங்கிலீஷ்காரர்கள், பேர் தெரியாத விசித்திரமான கருவி எதுவானாலும் கிஸ்மோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்களாம்.

“பேர் தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு பேரா சார்?” என்றார் ஸ்டோர்கீப்பர். இன்ஜினியருக்கு முகம் சுண்டிப் போயிற்று. பட்டறை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அப்படிப்பட்ட மனுஷனின் மகள், பதினாலு வயசுக்காரி, ஒரு மத்தியானம் அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தாள். கையை நீட்டியபோது சட்டை மேலேறி, இடுப்பில் செருகியிருந்த சின்னப் பெட்டியும் அதிலிருந்து வயிற்றுக்குப் போன மெல்லிய குழாயும் தெரிந்தன.

“இடுப்புல என்னம்மா அது?” என்று கேட்டார் அங்கே நின்ற மெக்கானிக்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்லப்பா, ஏதோ கிஸ்மோ. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எதையாவது மாட்டிக்கிட்டுத் திரியுதுங்க.”

அவருக்கா தெரியாது? இன்சுலின் பம்ப். டாக்டரை நூறு கேள்வி கேட்டு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்டவர். ஆனால் பெண்பிள்ளைக்கு இந்த வயசிலேயே சர்க்கரை என்பது வெளியே தெரிந்தால், நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? அந்தப் பயம்தான் பேசிவிட்டது.

மெக்கானிக் சிரிக்கவில்லை. “எங்க அக்கா பையனும் இதே பம்ப்தான் போட்டிருக்கான் அண்ணே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டோர்கீப்பருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வியாதியைச் சுமப்பவள் அவள், ஒளிந்துகொண்டவர் அவர். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

“அப்பா, ஸ்கூல்ல கேட்டாலும் இப்படித்தான் சொல்லணுமா?”

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே நின்று, சட்டையை இழுத்துப் பெட்டியை மூடிக்கொண்டாள். அதுவரை ஒரு நாளும் அவள் அதை மறைக்க நினைத்ததில்லை.